ஸ்பெயின் எந்தப் பக்கம் போயிருக்கலாம்? மாட்ரிட் முன் கிடந்த நான்கு வழிகள்

அமெரிக்க விடுதலைப் போரில் ஸ்பெயின் என்ன செய்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, 'பெரிசாக ஒன்றுமில்லை, எல்லாம் பிரான்ஸ்தான்'. இன்னொன்று, 'ஸ்பெயின் இல்லாவிட்டால் அமெரிக்கா என்ற நாடே இல்லை'. இரண்டிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. உதவி செய்தவன் ஏன் செய்தான், வேறு என்ன செய்திருக்கலாம் என்று பார்க்காமல் உதவியை மட்டும் தராசில் வைத்தால் கணக்கு தப்பாகத்தான் வரும். 1776 முதல் 1779 வரை ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸின் மேசையில் நான்கு வழிகள் கிடந்தன. அவருடைய மந்திரிகள் அவற்றை வைத்து மூன்று வருடம் இழுபறி நடத்தினார்கள். அந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் எதற்குக் கை தூக்கியிருப்பேன் என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஸ்பெயினுக்கு எங்கே வலித்தது என்று தெரிய வேண்டும். 1762-ல் பிரிட்டன் ஒரே வருடத்தில் ஹவானாவையும் மணிலாவையும் பிடித்தது. மணிலாவைப் பிடிக்கப் போன கப்பல்கள் புறப்பட்டதே நம்ம மதராஸிலிருந்துதான். வெள்ளைக்காரத் துருப்புகளோடு இங்கிருந்து சிப்பாய்களும் போனார்கள். அவர்களில் சிலர் திரும்பி வராமல் மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள், அவர்களுடைய வம்சத்தார் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அது தனிக் கதை. ஹவானாவைத் திரும்ப வாங்க 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயின் ஃபுளோரிடாவைத் தூக்கிக் கொடுத்தது. ஆறுதல் பரிசாக பிரான்ஸ் தன்னுடைய லூசியானாவை ஸ்பெயினிடம் தள்ளிவிட்டது, கூடவே நியூ ஆர்லியன்ஸும் வந்தது. இது போக, 1704-லிருந்து பிரிட்டன் கையில் இருக்கும் ஜிப்ரால்டர் என்ற பாறை. ஸ்பெயினின் சொந்த வாசற்படியில் எதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. மினோர்கா தீவும் அப்படித்தான்.

ஆக 1776-ல் பிரிட்டனின் குடியேற்றங்கள் கலகம் செய்தபோது மாட்ரிட்டில் சந்தோஷப்படாதவர்கள் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒரு முள் இருந்தது. கலிபோர்னியாவிலிருந்து தென் அமெரிக்காவின் நுனி வரை ஸ்பெயினும் ஒரு குடியேற்ற எஜமான். பக்கத்து வீட்டு வேலையாள் முதலாளியை அடிப்பதைக் கைதட்டி ரசித்தால், நம் வீட்டு வேலையாளும் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பான்?

முதல் வழி: காதும் காதும் வைத்தமாதிரி ரகசியமாக உதவுவது. இதைத்தான் முதலில் செய்தார்கள். 1776-ல் பிரான்ஸ் 10 லட்சம் லிவ்ரும் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) ஸ்பெயின் 10 லட்சம் லிவ்ரும் போட்டு, நாடக ஆசிரியர் போமார்ஷே நடத்திய ஒரு பினாமி கம்பெனி வழியாகத் துப்பாக்கியும் வெடிமருந்தும் அமெரிக்காவுக்குப் போயின. அந்தக் கம்பெனிக்கு வைத்த பெயர் ரொடெரீக் ஓர்த்தலேஸ். அப்படி ஒரு ஆளே கிடையாது. பில்பாவோ துறைமுகத்தில் கார்தோக்கி என்ற வணிகக் குடும்பம் இருந்தது. நியூ இங்கிலாந்திலிருந்து உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், நம் பாஷையில் கருவாடு, இறக்குமதி செய்து சம்பாதித்த குடும்பம். அதனால் அமெரிக்க வணிகர்களோடு பழக்கம் ஏற்கெனவே உண்டு. கருவாடு வந்த அதே பாதையில் இவர்கள் போர்வை, காலணி, துப்பாக்கி என்று திருப்பி அனுப்பினார்கள். வெளியே பார்த்தால் வியாபாரம், உள்ளே பார்த்தால் அரசாங்கப் பணம்.

நியூ ஆர்லியன்ஸில் நடந்தது இன்னும் ருசியானது. 1776 ஆகஸ்டில் வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜ் கிப்சன் என்ற கேப்டன் சில ஆட்களோடு ஆற்றில் இறங்கி வந்து வெடிமருந்து கேட்டார். அப்போதைய ஆளுநர் உன்சாகா. ஊரில் பிரிட்டிஷ் ஆட்கள் கண் கொத்திப் பாம்பாக இருக்கிறார்கள். உன்சாகா என்ன செய்தார் என்றால், ஆலிவர் போலக் என்ற அயர்லாந்து வணிகரை நடுவில் வைத்து, அரசாங்கக் கிடங்கிலிருந்தே ஏறத்தாழ 10,000 பவுண்டு எடை வெடிமருந்தை விற்றுவிட்டு, கிப்சனைப் பிடித்துச் சிறையில் போட்டார். ஊர் கண்ணுக்கு, கலகக்காரனைப் பிடித்த நல்ல ஆளுநர். கிப்சன் உள்ளே இருக்கும்போதே அவருடைய லெப்டினன்ட் லின் 9,000 பவுண்டைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு மிசிசிப்பியில் எதிர்நீச்சலாகக் கிளம்பிவிட்டார். வழியில் குளிர்காலத்தை ஒரு ஸ்பானியக் காவல் நிலையத்தில் கழித்துவிட்டு, 1777 வசந்தத்தில் ஒஹையோ ஆற்றங்கரையில் இருந்த வீலிங் கோட்டைக்கு மருந்தைக் கொண்டு சேர்த்தார். மீதி 1,000 பவுண்டு, விடுதலையான கிப்சனோடு கடல் வழியாக ஃபிலடெல்ஃபியா போனது.

செலவு குறைவு, மாட்டிக்கொண்டால் கைவிரிக்கலாம், பிரிட்டன் கத்தலாமே தவிர நிரூபிக்க முடியாது. இவைதான் இந்த வழியின் லாபம். நஷ்டம் ஒன்றே ஒன்று, ஆனால் அது பெரிது. ரகசியமாகக் கொடுத்தவனுக்குப் பேரம் பேச வாய் கிடையாது. நான் போர்வை அனுப்பினேன், எனக்கு ஜிப்ரால்டர் கொடு என்று யாரிடம் போய்க் கேட்பது? அதுவும் 1777 அக்டோபரில் சரட்டோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுசாகச் சரணடைந்து, 1778 பிப்ரவரி 6-ல் பிரான்ஸ் அமெரிக்காவோடு வெளிப்படையாகக் கையெழுத்துப் போட்ட பிறகு, ரகசிய உதவி என்பது கல்யாண வீட்டில் பின்வாசல் வழியாக மொய் கொடுக்கிற கதையாகிவிட்டது.

இரண்டாவது வழி, நடுவராக உட்கார்ந்து கூலி கேட்பது. 1777-ல் பிரதம மந்திரி பொறுப்புக்கு வந்த ஃப்ளோரிடாபிளாங்காவுக்கு மிகப் பிடித்த வழி இதுதான் (பெயரில் ஃபுளோரிடா இருந்தாலும் அந்த நாட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை). பிரிட்டனிடம் அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: நான் சண்டைக்கு வராமல் இருக்கிறேன், உனக்கும் பிரான்ஸுக்கும் சமாதானமும் பேசித் தருகிறேன், அதற்கு ஜிப்ரால்டரைக் கொடு. ஒரு குண்டு செலவில்லாமல் 70 வருடத்து அவமானம் தீரும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது.

இதில் பாதி நேர்மையும் பாதி காலம் கடத்தலும் இருந்தது. 1776-77-ல் போர்ச்சுகலோடு தகராறு முற்றி ஸ்பெயின் ஒரு பெரிய படையை பியூனஸ் அயர்ஸ் பக்கம் அனுப்பியிருந்தது. அது வீடு திரும்ப வேண்டும். மெக்ஸிகோ வெள்ளியோடு வரும் கப்பல் கூட்டம் நடுக்கடலில் இருந்தது. அந்தச் சமயத்தில் போரை அறிவித்தால் இரண்டையும் பிரிட்டிஷ் கடற்படை வழியிலேயே மடக்கிவிடும். அதனால் சமாதானம் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். 1778-ல் இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அந்த அளவில் இந்த வழி தன் வேலையைச் செய்துவிட்டது என்றே சொல்வேன்.

ஆனால் ஜிப்ரால்டர் கிடைக்கவில்லை. பிரிட்டன் அசையவே இல்லை. 1779 ஏப்ரலில் ஸ்பெயின் வைத்த கடைசிக் கோரிக்கை, ஆளாளுக்குக் கையில் இருக்கும் நிலத்தோடு போர் நிறுத்தம் என்பது. இதை அமெரிக்கர்களின் கண்ணால் பாருங்கள். அன்றைக்கு நியூயார்க், நியூபோர்ட், சவானா மூன்றும் பிரிட்டன் கையில். பிரிட்டன் மட்டும் சரி என்று தலையாட்டியிருந்தால், நியூயார்க் இல்லாத ஓர் அமெரிக்கா பிறந்திருக்கும். ஸ்பெயினை அமெரிக்காவின் தாய்மாமன் மாதிரி பேசுகிறவர்கள் இந்த ஒரு தாளை மட்டும் மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். நல்ல வேளை, மறுத்தது பிரிட்டன்.

மூன்றாவது வழி அரண்டா பிரபுவுடையது. பாரிஸில் ஸ்பெயினின் தூதர். முன்கோபி, ராணுவக்காரர், 1776 டிசம்பர் கடைசியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினை ரகசியமாகச் சந்தித்தவர். அவர் மாட்ரிட்டுக்குத் திரும்பத் திரும்ப எழுதியது: இரும்பு சூடாக இருக்கிறது, இப்போதே அடி. பிரான்ஸ் செய்த மாதிரி அமெரிக்காவை அங்கீகரித்து, கூட்டணி போட்டு, எல்லையையும் வியாபாரத்தையும் எழுதி வாங்கிக்கொள். அவர்கள் பலவீனமாக இருக்கும்போது போடுகிற ஒப்பந்தம்தான் நமக்கு லாபம், பலசாலிகளாக ஆன பிறகு நம் பேச்சை எதற்குக் கேட்கப் போகிறார்கள்?

நியாயமான பேச்சு. இருந்தாலும் மாட்ரிட் பயந்ததற்கும் காரணம் இருந்தது. அங்கீகரிப்பது என்றால் குடிமக்கள் மன்னனை விலக்கலாம் என்ற கொள்கைக்கே முத்திரை குத்துவது. ஸ்பெயினின் சொந்தக் குடியேற்ற நகரங்களான லிமாவிலும் போகோட்டாவிலும் அதைப் படிக்கிறவர்கள் உண்டு. இன்னொரு காரணம் மிசிசிப்பி ஆறு. அமெரிக்கர்கள் மேற்கே நகர்ந்துகொண்டே இருந்தார்கள். ஆற்றில் சரக்குப் படகு விட்டுக் கடல் வரை போக உரிமை கேட்டார்கள். கூட்டணி என்றால் அந்தக் கோரிக்கையையும் சேர்த்துத் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

நான்காவது வழிதான் கடைசியில் எடுத்தது: பிரிட்டனோடு போர், பிரான்ஸோடு கூட்டணி, அமெரிக்காவோடு ஒன்றுமில்லை. 1779 ஏப்ரல் 12-ல் அரன்ஹுவேஸ் அரண்மனையில் பிரான்ஸோடு ரகசிய ஒப்பந்தம், ஜூனில் போர் அறிவிப்பு. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சுதந்திரம் கிடைக்கும் வரை சமாதானம் இல்லை என்று பிரான்ஸ் ஏற்கெனவே அமெரிக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. ஜிப்ரால்டர் கிடைக்கும் வரை சமாதானம் இல்லை என்று இப்போது ஸ்பெயினுக்கும் வாக்குக் கொடுத்தது. ஆக, பனியில் கிழிந்த செருப்போடு நிற்கும் வாஷிங்டனின் சிப்பாயுடைய போரை, அவன் கேள்விப்பட்டே இராத மத்தியதரைக் கடல் பாறை ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அவனிடம் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அங்கீகாரம் இல்லை என்பது எவ்வளவு விசித்திரமான நிலை என்பதற்கு ஹுவான் டி மிராயெஸ் என்ற ஹவானா வணிகர் ஒரு உதாரணம். ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பெயினின் ஆள் அவர்தான். ஆனால் தூதர் இல்லை, வெறும் பார்வையாளர். வாஷிங்டனுக்கு அவரைப் பிடித்துப்போனது. 1780 ஏப்ரலில் மாரிஸ்டவுன் முகாமுக்கு வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்து, வாஷிங்டன் தங்கியிருந்த வீட்டிலேயே இறந்துபோனார். தங்கச் சரிகை வைத்த சிவப்பு உடை, வெள்ளைப் பட்டுக் காலுறை, காலணியில் வைரம், விரல்களில் வைர மோதிரங்கள், வைரம் பதித்த தங்கக் கடிகாரம் எல்லாவற்றோடும் புதைத்தார்கள். வாஷிங்டன் இறுதி ஊர்வலத்தில் நடந்தார். அன்றைக்கு அந்த முகாமில் சிப்பாய்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி, சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. அதனால் யாரும் ராத்திரியில் வந்து தோண்டிவிடக் கூடாது என்று கல்லறைக்குக் காவல் போட்டார்கள். தூதர் என்று எழுதிக் கொடுக்க மனமில்லாத நாட்டின் ஆளுக்கு முழு ராணுவ மரியாதை, மேலே ஒரு காவலாளி.

சரி, போர் என்று ஆனபின் எங்கே அடிப்பது என்பது அடுத்த கேள்வி. வழியைத் தேர்ந்தெடுத்ததைவிட இந்தத் தேர்வில்தான் ஸ்பெயின் அதிகம் சொதப்பியது என்பேன். 1779 கோடையில் பிரான்ஸும் ஸ்பெயினும் சேர்ந்து 60-க்கும் மேற்பட்ட பெரிய போர்க்கப்பல்களை இங்கிலாந்து மேல் படையெடுக்க அனுப்பின. பிளிமத் வரை போய், கப்பலுக்குள் நோய் பரவி, சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்து, ஒரு ஆளைக்கூட இறக்காமல் திரும்பின. ஜிப்ரால்டர் முற்றுகை மூன்றரை வருடத்துக்கு மேல் இழுத்தது. 1782 செப்டம்பர் 13-ல், எரியவே எரியாது என்று சொல்லிக் கட்டிய 10 மிதக்கும் பீரங்கி மேடைகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிரிட்டிஷார் குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சிச் சுட, பத்தும் எரிந்தோ வெடித்தோ போயின. பாறை இன்றைக்கும் பிரிட்டன் கையில்தான்.

இந்தப் பக்கம் லூசியானாவைப் பாருங்கள். உன்சாகாவுக்குப் பிறகு ஆளுநரானவர் பெர்னார்டோ டி கால்வெஸ். பொறுப்பேற்கும்போது வயது 30. சித்தப்பா ஹொசே டி கால்வெஸ்தான் குடியேற்ற நாடுகளுக்கான மந்திரி, எனவே சிபாரிசில் வந்தவர் என்று அன்றே முணுமுணுத்திருப்பார்கள். வந்த இடத்தில் உள்ளூர் பிரெஞ்சு வணிகர் செயிண்ட்-மாக்ஸனின் மகளைக் கட்டிக்கொண்டார். உன்சாகா கட்டியிருந்ததும் அதே வீட்டுப் பெண்ணைத்தான். பழைய ஆளுநரும் புதிய ஆளுநரும் சகலைகள்! போலக்கோடு இருந்த தொடர்பும் கை மாறாமல் தொடர்ந்தது. அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் இல்லினாய் பகுதியில் நடத்திய படையெடுப்புக்கு இந்த ஆற்று வழிதான் ரத்தக்குழாய்.

போர் என்ற செய்தி வந்ததும் கால்வெஸ் படகுகளைச் சேர்த்துவைத்தார். 1779 ஆகஸ்ட் 18-ல் அடித்த புயலில் அவ்வளவும் ஆற்றுக்குள் போயின. வேறு ஒருவர் என்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பார். இவர் ஒன்பதே நாளில் கிளம்பிவிட்டார். அவரோடு கிளம்பிய 667 பேர் யார் யார் என்று பார்த்தால் அந்த நாட்டின் முகமே தெரியும்: 170 பழைய சிப்பாய்கள், மெக்ஸிகோவிலிருந்தும் கனேரித் தீவுகளிலிருந்தும் வந்த 330 புது ஆட்கள், 20 குதிரை வீரர்கள், ஊர்க்காவல் படையினர் 60, விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் கலப்பினத்தவருமாக 80, அப்புறம் அமெரிக்கத் தன்னார்வலர்கள் 7 பேர். போலக் அவர்களில் ஒருவர். போகிற வழியில் ஜெர்மானியக் குடியேறிகள், அக்காடியர்கள் (கனடாப் பக்கத்திலிருந்து பிரிட்டிஷார் துரத்திய பிரெஞ்சுக்காரர்கள்), பூர்வகுடியினர் என்று இன்னும் 700-க்கும் மேல் சேர்ந்தார்கள்.

செப்டம்பர் 7-ல் மிசிசிப்பிக் கரையில் பிரிட்டிஷாரின் மஞ்சாக் கோட்டை விழுந்தது. பேட்டன் ரூஜில் கால்வெஸ் ஒரு தந்திரம் செய்தார். ராத்திரியில் ஒரு பக்கத்துத் தோப்பில் ஆட்களை அனுப்பி, மரம் வெட்டி, சத்தம் போட்டு, சுட்டு, அங்கேதான் பீரங்கி நிறுத்தப் போகிறோம் என்று காட்டவைத்தார். பிரிட்டிஷார் இரவு முழுக்க அந்தத் தோப்பைச் சுட்டுத் தள்ளினார்கள். அதே நேரத்தில் மறுபக்கத்துத் தோட்டம் ஒன்றில், கோட்டையிலிருந்து துப்பாக்கி சுடும் தூரத்தில், சத்தமே இல்லாமல் பள்ளம் தோண்டி உண்மையான பீரங்கிகளை நிறுத்தி முடித்தார்கள். விடிந்ததும் சில மணி நேரம் அடித்ததில் 21-ம் தேதி சரணாகதி. சரணடையும்போது நாட்செஸ் கோட்டையையும் சேர்த்து எழுதிக் கொடு என்றார் கால்வெஸ். கொடுத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1780 மார்ச்சில் பிரிட்டிஷாரிடமிருந்து மொபீல் துறைமுகத்தைப் பிடித்தார். பிறகு பிரிட்டிஷ் மேற்கு ஃபுளோரிடாவின் தலைநகரான பென்சகோலாவுக்குக் கிளம்பிய கப்பல்களை அந்த அக்டோபரில் இன்னொரு புயல் சிதறடித்தது. இந்த மனிதருக்கும் புயலுக்கும் ஏதோ பூர்வ ஜென்மப் பகை. 1781 மார்ச்சில் மறுபடி போனபோது விரிகுடாவின் வாயில் ஆழமில்லை, கரையில் பிரிட்டிஷ் பீரங்கி, கடற்படைத் தளபதி கால்வோ நுழைய மாட்டேன் என்று நின்றுவிட்டார். மார்ச் 18-ல் கால்வெஸ் தன்னுடைய சிறு கப்பலான கால்வெஸ்டவுனில் ஏறி, பீரங்கி வணக்கம் செலுத்தச் சொல்லி, நான் தான் இங்கே இருக்கிறேன் என்று எதிரிக்குத் தெரியும்படியே நுழைந்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மற்ற கப்பல்கள் வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் வந்தன. 'நான் மட்டும்' என்ற சொல்லை மன்னர் பிற்பாடு அவருடைய குலச் சின்னத்தில் பொறிக்கவைத்தார். மே 8-ல் ஒரு குண்டு பிரிட்டிஷ் காவலரண் ஒன்றின் மருந்துக் கிடங்கில் நேராக விழுந்து நூறு பேரளவில் மாண்டார்கள், 10-ம் தேதி பென்சகோலா சரணடைந்தது.

இப்போது நான்காவது வழியின் ஓட்டை தெரிகிறதா பாருங்கள். சரணடைந்த பிரிட்டிஷ் வீரர்களைக் கப்பலேற்றி அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். நிபந்தனை, கைதிப் பரிமாற்றம் முடியும் வரை ஸ்பெயினுக்கோ அதன் கூட்டாளிகளுக்கோ எதிராகச் சண்டை போடக் கூடாது. அமெரிக்கா கூட்டாளி இல்லையே! அந்த வீரர்கள் போய் இறங்கிய இடம் நியூயார்க். ஃபிலடெல்ஃபியாவில் இருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் மாட்ரிட்டில் போடாமல் விட்ட ஒரு கையெழுத்தின் விலை பென்சகோலா கடற்கரையில் தெரிந்தது.

அதே வருடம் ஹவானாவில் நடந்ததுதான் ஸ்பானியக் குடியேற்றங்களின் ஆகப் பெரிய பங்களிப்பு என்று நினைக்கிறேன், அதில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. மன்னரின் சிறப்புத் தூதர் பிரான்ஸிஸ்கோ டி சாவேத்ரா 1781 ஜூலையில் கேப் பிரான்சே (இன்றைய ஹைட்டியில் இருக்கிறது) துறைமுகத்தில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸைச் சந்தித்தார். டி கிராஸுக்கு இரண்டு சிக்கல். கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளைக் காக்கப் பாதிக் கப்பல்களை விட்டுவிட்டுப் போக வேண்டும், வடக்கே கொண்டுபோகப் பணமும் இல்லை. தீவுகளை ஸ்பானியக் கப்பல்கள் பார்த்துக்கொள்ளும், நீ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ என்றார் சாவேத்ரா. பணத்துக்கு ஹவானா போனால் கஜானா காலி, இருந்த வெள்ளி ஸ்பெயினுக்குப் போய்விட்டது. ஊர்க்காரர்களிடம் சொல்லி அனுப்ப, சில மணி நேரத்தில் 5 லட்சம் பெசோ சேர்ந்தது. ஹவானாப் பெண்கள் வைர நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள், படிக்க நன்றாக இருக்கும். உண்மையில் வந்தது நாணயம், கடனாக. டி கிராஸ் 28 பெரிய கப்பல்களோடு செசபீக் விரிகுடாவை அடைத்ததால்தான் வர்ஜீனியாவின் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் மாட்டிக்கொண்டார், அக்டோபர் 19-ல் சரணடைந்தார். அந்தக் களத்தில் ஸ்பானியப் படை இல்லை, ஸ்பானிய வெள்ளி இருந்தது. (அதே கார்ன்வாலிஸ் ஐந்து வருடம் கழித்து கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்.)

வெள்ளி யாருடையது என்று கேட்க வேண்டாமா? மெக்ஸிகோ சுரங்கத் தொழிலாளி வெட்டியது. 1780-ல் மன்னர் நன்கொடை என்ற பெயரில் அமெரிக்கக் குடிகள் மேல் ஒரு வசூல் வைத்தார், ஸ்பானியருக்குத் தலைக்கு 2 பெசோ, பூர்வகுடிகளுக்கும் மற்றவர்களுக்கும் 1 பெசோ. டெக்சாஸ் பண்ணைகளிலிருந்து மாட்டு மந்தைகள் லூசியானாவுக்கு ஓட்டப்பட்டு கால்வெஸின் படைக்குச் சாப்பாடாயின. பெருவிலும் நியூ கிரனடாவிலும் (இன்றைய கொலம்பியா பக்கம்) போருக்கு முன்பே தொடங்கிய வரி நெருக்கடி போர் வந்ததும் இறுகியது. 1780 நவம்பரில் பெருவில் பூர்வகுடித் தலைவர் டூபாக் அமாரு கலகக் கொடி பிடித்தார், 1781 மார்ச்சில் நியூ கிரனடாவின் சொகோர்ரோ ஊரில் மக்கள் வரி அறிவிப்பைக் கிழித்து எறிந்தார்கள். 1781 மே 10 பென்சகோலாவில் வெற்றி. எட்டே நாள் கழித்து, மே 18, குஸ்கோ சதுக்கத்தில் டூபாக் அமாருவைக் கொன்றார்கள், மனைவியையும் மகனையும் அவர் கண்ணெதிரில் கொன்ற பிறகு. ஒரே மன்னர், ஒரே மாதம். அங்கீகரிக்காமல் இருந்தால் நம் வீட்டில் கலகம் வராது என்ற கணக்கு என்ன ஆனது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கலகத்தைக் கொண்டு வந்தது அமெரிக்கர்களின் கொள்கை இல்லை, போரின் செலவும் அதிகாரிகளின் வசூலும்தான்.

அதனால்தான் எனக்கு மூன்றாவது வழிக்கு எதிரான பெரிய வாதம் வலுவிழந்து தெரிகிறது. அதற்காக 1776-லேயே அரண்டா சொன்னபடி குதித்திருக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். படை பியூனஸ் அயர்ஸிலும் வெள்ளி நடுக்கடலிலும் இருக்கும்போது அது தற்கொலை. 1778 வரை முதல் வழியும் இரண்டாவது வழியும் சேர்த்து, 1779-ல் நான்காவது வழி, இதுவரை சரி. ஆனால் நான்காவதிலிருந்து மூன்றாவதுக்குத் தாவ ஒரு நாள் வந்தது, அன்றைக்குத் தாவாததுதான் தப்பு.

ஜான் ஜே 1780 ஜனவரியில் அமெரிக்காவின் தூதராக காதிஸில் வந்து இறங்கினார். மாட்ரிட் அவரைத் தூதர் என்று ஏற்கவில்லை, தனி மனிதராகப் பார்ப்போம் என்றது. இரண்டு வருடத்துக்கு மேல் வாசல் வாசலாக அலைந்தார். அமெரிக்காவின் ஆட்சி மன்றமான காங்கிரஸ் இவர் பெயரில் உண்டியல் (குறித்த தேதியில் பணம் கட்டச் சொல்லும் சீட்டு) எழுதிவிட்டு, பணத்தை ஸ்பெயினிடம் வாங்கிக் கட்டு என்று சொல்லிவிட்டது. தேதி வந்தால் கடன்காரர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஃப்ளோரிடாபிளாங்கா கொஞ்சம் கொஞ்சமாக எண்ணி எண்ணிக் கொடுத்தார். இந்த நிலையில் காங்கிரஸ் இறங்கி வந்தது. 1781 செப்டம்பர் 22-ல் ஜே ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார்: அங்கீகரித்துக் கூட்டணி போடு, மிசிசிப்பியில் கடல் வரை படகு விடும் உரிமையை நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம். கூடவே ஒரு வரி சேர்த்தார், பொதுச் சமாதானத்துக்கு முன் கையெழுத்தாகாவிட்டால் இந்தப் பேச்சு செல்லாது.

அமெரிக்காவோடு கூட்டணி போட ஸ்பெயினுக்கு இருந்த பெரிய பயங்களில் ஒன்று அந்த ஆறு. அது எழுத்தில் வீடு தேடி வருகிறது. வலிய வந்த சீதேவியைக் காலால் உதைத்துத் தள்ளுவது என்பது இதுதான். ஃப்ளோரிடாபிளாங்கா ஒத்திப்போட்டார். நான்கே வாரத்தில் யார்க்டவுன். அதற்குப் பிறகு அமெரிக்கர்களுக்கு அவசரம் போய்விட்டது.

எழுதி வாங்கியிருந்தாலும் கென்டக்கிக் குடியேறிகள் கேட்டிருப்பார்களா, படகு விடாமல் இருந்திருப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான், ரொம்ப வருடம் தாங்கியிருக்காது. ஆனால் தாளில் இருக்கும் உரிமையை விற்க முடியும், தாளில் இல்லாததை விற்க முடியாது. 1782 மே மாதம் கசந்துபோய் பாரிஸுக்குக் கிளம்பிய ஜே, அங்கே ஸ்பெயினை நம்பாமல், பிரான்ஸையும் நம்பாமல், பிரிட்டனோடு நேரடியாகப் பேசுகிற அணியில் முன்னால் நின்றார். அந்த நவம்பரில் பிரிட்டன் மிசிசிப்பி வரை நிலத்தையும் ஆற்று உரிமையையும் அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தது. பாதி, தன் கையில் இல்லாத சொத்து.

1783-ல் ஸ்பெயினுக்கு கிழக்கு, மேற்கு என்று பிரிட்டன் பிரித்து வைத்திருந்த இரண்டு ஃபுளோரிடாக்களும் மினோர்காவும் கிடைத்தன. சின்ன லாபம் இல்லை. அடுத்த வருடம் மிசிசிப்பியை அமெரிக்கப் படகுகளுக்கு மூடினார்கள். 1785-ல் பேசித் தீர்க்க நியூயார்க்குக்குத் தூதரை அனுப்பினார்கள், அந்தப் பழைய கருவாட்டு வணிகக் குடும்பத்து தியேகோ டி கார்தோக்கியை. எதிரே உட்கார்ந்தவர் யார்? ஜான் ஜே. இந்த முறை காத்திருக்க வேண்டியவர் ஜே இல்லை. பேச்சு வருடக்கணக்கில் இழுத்து, 1795-ல் ஸ்பெயின் ஆற்றைத் திறந்துவிட்டது, நியூ ஆர்லியன்ஸில் சரக்கு இறக்கி வைக்கும் உரிமையையும் கொடுத்தது, எல்லையை 31-வது அட்சரேகைக்கு இறக்கவும் ஒப்புக்கொண்டது. அந்தக் கோட்டுக்கு வடக்கே நாட்செஸ் இருந்தது. பேட்டன் ரூஜ் சரணாகதித் தாளில் ஒரு வரியாக, ஒரு குண்டுகூடச் சுடாமல் கால்வெஸ் வாங்கிய அதே கோட்டை. 1798-ல் ஸ்பானியப் படை அதைக் காலி செய்துவிட்டு ஆற்றில் இறங்கிப் போனது.